கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, தங்கச்சி

தங்கச்சி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி எந்திரி. ஜன்னலு பக்கம் நான் இருந்துக்கிடுதேன், காத்து இல்லன்னா எனக்குக் கொமட்டும். நீ ஓரத்துக்கு வா. நடுவுல இந்தத் தொட்டில வச்சுக்கிடுவோம். ஆமா, தொட்டிலுதான். ஸ்பிரிங் தொட்டிலு. கால் நாலையும் கழட்டிக் கயித்துல கெட்டியிருக்கு. இந்தக் கம்பி உன் முட்டியில குத்துதா? குத்துனா சொல்லு, லேசாத் திருப்பி வைக்கேன். இந்தா, இந்தப் பைய மடியில வச்சுக்கோ. முறுக்கும் அதிரசமும்தான், கனக்காது.

நீ சங்கரன்கோவிலா? நான் பனவடலி. பனவடலிசத்திரம். எந்தம்பி குத்தாலிங்கம் வீடு பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்புலயே இருக்கு. இன்னைக்கு அவன் புள்ளையத் தொட்டில்ல போட்டுப் பேரு வைக்காவ. பொம்பளப் புள்ள. அத்தைக்காரி நாந்தான். அதச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் போறேன், கேட்டியா. அந்தப் புள்ளைக்கு ரெண்டு அத்தைன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு ஓடுது. ரெண்டெல்லாம் கிடையாது. ஒண்ணுதான்.

அந்தா வாறாரு கண்டக்டரு. என்னது, தொட்டிலுக்கு லக்கேஜ் எடுக்கணுமா? ஏ தம்பி, புள்ளத் தொட்டிலுக்குப் போயி யாராவது டிக்கெட்டு போடுவாவளா? சீட்டுல என்ன, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது. இந்தத் தங்கச்சிக்கு ஒண்ணும் சிரமம் இல்ல, கேட்டுப் பாருங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. போயிட்டாரு பாத்தியா. நல்ல மனுசன், மூஞ்சிதான் அப்படி.

எனக்கு இந்த உலகத்துல பிடிக்காத சொல்லு ஒண்ணு உண்டுன்னா அது அந்த அட்ஜஸ்ட்தான். வாயில வச்சுக்கிட மாட்டேன். எம்மவன் காலேஜு படிச்சவன், அவங்கிட்ட ஒருநாள் கேட்டேன், ஏல, வெள்ளக்காரன் அதுக்கு என்னல அர்த்தம் வச்சிருக்கான்னு. சரி செய்யுததும்மாங்கான். சரி செய்யுததா? எங்க, ஒரு எடத்துல சரியானதக் காட்டு பாப்போம். அவன் ஊர்ல சைக்கிளு சீட்ட ஏத்தி இறக்கத்தான் அந்தச் சொல்ல வச்சிருப்பான். நம்ம ஆளுவ அத வச்சுக்கிட்டுச் செய்யாத அழிச்சாட்டியம் இல்ல. டெய்லரு பிளவுஸ இறுக்கித் தச்சுட்டு அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கக்காங்கான். அப்படின்னா மூச்சு விடாதன்னு அர்த்தம். எங்க வீட்டுக்காரரு கட்டிலு காலு ஒடிஞ்சா மூணு செங்கல அடியில குடுத்துட்டு அட்ஜஸ்ட் பண்ணியாச்சும்பாரு. அப்படின்னா இனிமே அது இந்த ஜென்மத்துல சரியாவாதுன்னு அர்த்தம். ஆபீசுல ஒருத்தன் மேசைக்கு அடியில கைய நீட்டிக்கிட்டு அட்ஜஸ்ட் பண்ணுங்கம்பான், அது உனக்கே தெரியும். நான் கல்யாணம் ஆயி வந்த மறுநா எங்க மாமியா சொன்னா, நீதாம்மா அட்ஜஸ்ட் பண்ணிப் போவணும்னு. அதுக்கு மட்டும் எனக்கு இன்னைக்கு வரைக்கும் அர்த்தம் தெரியல. நான் கேட்டுக்கிடவும் இல்ல. மூணாம் மாசமே தனிக்குடித்தனம் வந்துட்டோம்.

முட்டி வலிக்கா? நெளியாத, கம்பி கழண்டுரும்.

எங்க சொல்லுதேன்... ஆங், எந்தம்பி கல்யாணம். போன ஆவணியில சங்கரன்கோவில்ல ஒரு மண்டபம். முந்துன நா சாயந்தரம் நாங்க அங்க போயி இறங்குனா, வாசல்ல ரெண்டு வாழமரத்துக்குப் பதிலா நாலு வாழமரம் கெட்டிக் கெடக்கு. பரவாயில்லையே, தாராளமான மண்டபம்னு நெனச்சேன். உள்ள போனா எங்களுக்கு முன்னாலயே ஒரு கல்யாண வீடு உக்காந்து காப்பி குடிச்சிட்டு இருக்கு. பொண்ணு இருக்கு, மாப்பிள இருக்கு, ஐயரு கூட இருக்காரு. எங்க பொண்ணும் இல்ல, எங்க மாப்பிளையும் இல்ல.

மண்டபத்து மேனேஜரு வாறாரு. நெத்தியில பட்டை, தோள்ல துண்டு. ஒரே நாளு, ஒரே முகூர்த்தத்துக்கு ரெண்டு வீட்டுக்கும் மண்டபத்தக் குடுத்திருக்கான் அந்தச் செத்த மூதி. அத மூஞ்சியில ஒரு பயம் இல்லாமச் சொல்லுதான். பெரிய முகூர்த்தம்லாம்மா, தப்பு நடந்து போச்சு, ரெண்டு வீடும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டா ஜோரா முடிச்சிரலாம்ங்கான். கொஞ்சமாம்! எந்தம்பி கல்யாணத்துல பாதிய இன்னொருத்தனுக்குக் குடுக்கதுக்குப் பேரு கொஞ்சமா?

நான் விடல. ஏசுன ஏச்சுல அவன் பட்டையே அழிஞ்சு போச்சு. ஆனா எங்க போக முடியும், சொல்லு. அந்தத் தேதிக்கு ஊருக்குள்ள ஒரு மாட்டுக் கொட்டகை கூட சும்மா கெடக்கல. நாங்க முன்னால முடிச்சுக்கிடுதோம், நீங்க பின்னால வைங்கன்னு சொன்னேன். அந்த வீட்டுக்காரனும் அதையேதான் சொன்னான். யாரு விட்டுக் குடுப்பா? கடைசியில ஒரே மேடையில ரெண்டு மணவறை, பக்கத்துல பக்கத்துல. ரெண்டு பேரும் கெழக்கப் பாக்கணும்லா, அதனால ஒரே பெஞ்சுல பரீச்சைக்கு உக்காந்த மாதிரி ரெண்டு சோடியும் உக்காந்திருக்கு. ஐயரு ரெண்டு பேரு. மேளம் மட்டும் ஒண்ணு. ஒரு மேளமே ரெண்டுக்கும் கேக்கும்லாம்மான்னு எங்க மேளக்காரர அந்த மேனேஜரே ராத்திரியோட ராத்திரியா போன் போட்டு வர வேண்டாம்னுட்டான். பந்தியில போயிப் பாத்தா, எங்க எலையில அவுக கூட்டு, அவுக எலையில எங்க அப்பளம். எங்க சித்தப்பா அந்த மாப்பிளைக்கு மோதிரம் போட்டு ஆசீர்வாதம் பண்ணிட்டு, தம்பி முன்னைக்கு மெலிஞ்சு போயிட்டான்னு வருத்தப்பட்டுக்கிட்டு வாறாரு.

சிரிக்காத. எனக்கு வயிறு எரியுது, நீ சிரிக்க.

இப்பத்தான் விசயத்துக்கு வாறேன். தாலி கெட்டும்போது மாப்பிள ரெண்டு முடிச்சுப் போடுவான், மூணாவது முடிச்சு நாத்தனா போடணும். உனக்குத் தெரியாததா. நான் அதுக்காவ எத்தன வருசம் காத்துக் கெடந்தேன் தெரியுமா? எங்க அம்மா சாவும்போது அவன் தொட்டில்ல கெடக்கான். நான் பள்ளிக்கூடத்த விட்டுட்டு அவன இடுப்புல தூக்குனவ. எனக்கு அவன் தம்பி இல்ல, எம்புள்ள. என் வயித்துல பெறந்த மவனுக்கு நான் பட்டதவிட அவனுக்குப் பட்டதுதான் சாஸ்தி. அவன் கல்யாணத்துல எனக்குன்னு நான் ஒண்ணுமே கேக்கல. பட்டுச்சேல கூட, அந்த மயில்கழுத்துக் கலரு கெடைக்கலன்னு ஒரு நாள்தான் பேசாம இருந்தேன். அந்த ஒரு முடிச்சு. அதுமட்டும் என் கையால விழணும்னு நெனச்சேன்.

பாவாட நாடாவுல முடிஞ்சு முடிஞ்சு பழகுனேன். விரல்ல மஞ்சள் கொழச்சு வச்சுக்கிட்டு மணவறைக்குப் பின்னால போயி நிக்கேன். எனக்குப் பக்கத்துல அந்த வீட்டு நாத்தனா நிக்கா. தங்கபுஷ்பம்னு பேரு. ஆளு ஆட்டுரல் மாதிரி. அவ பேசுனா மைக் செட்டே வேண்டாம். அவளும் விரல்ல மஞ்சளோட நிக்கா. அந்தச் சந்துல நாங்க ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டு நிக்கோம், மூச்சு விட எடம் இல்ல. நான் அவளப் பாத்து, கொஞ்சம் தள்ளி நில்லுங்கன்னு மரியாதையாத்தான் சொன்னேன். அவ சிரிச்சா.

அங்கன நிக்கும்போது பாக்கேன், முன்வரிசையில என் நாற்காலி. கைக்குட்ட போட்டுட்டு வந்திருக்கேன், தாலி கெட்டுனதும் போயி உக்கார. அதுல எவனோ ஒரு கெழவன் வந்து உக்காந்து கைக்குட்டையால மூஞ்சியத் தொடைக்கான்! விட முடியுமா? இறங்கிப் போனேன். ஒரே ஒரு நிமிசம். பெரியவரே, எந்திரிங்கன்னேன். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா, மொழங்கால் வலிங்காரு. மொழங்கால் வலின்னா வீட்டுல இருக்கணும். நான் நாற்காலிய இந்தப் பக்கம் இழுக்கேன், அவரு அந்தப் பக்கம் இழுக்காரு. அந்நேரம் பாத்து அந்தச் சோடியோட ஐயரு கைய ஒசத்திட்டாரு, கெட்டிமேளம் கெட்டிமேளம்னு. மேளம் ஒண்ணுதான? அது அடிச்சா எல்லாருக்கும் அடிச்சதுதான். ஆயிரம் பேரு அட்சதைய அள்ளி எறியுதாவ. கெட்டிமேளம் கேட்டப் பொறவு தாலிய ஏந்திக்கிட்டுச் சும்மா இருக்க முடியுமா, எங்க ஐயரும் கெட்டுங்க கெட்டுங்கங்காரு. எந்தம்பி ரெண்டு முடிச்சப் போட்டுட்டு, அக்கா, அக்கான்னு திரும்பிப் பாக்கான். மேளச் சத்தத்துல எனக்கு எங்க கேக்கு?

மேளம் நிக்கதுக்குள்ள முடிச்சு விழணும்லா. அவ நின்னா பாரு, தங்கபுஷ்பம், அவ தம்பிக்கு முடிச்சுப் போட்டு முடிச்ச கையோட, அப்படியே இந்தப் பக்கம் திரும்பி எங்க பொண்ணு கழுத்துலயும் மூணாவது முடிச்சப் போட்டுட்டா. அந்த ஈர மஞ்சளோட! கேட்டா, நேரம் தப்பிரக் கூடாதுன்னு அட்ஜஸ்ட் பண்ணிட்டேன் மதினிங்கா. மதினியாம். நான் என்ன அவ அண்ணன் பொண்டாட்டியா?

வீடியோவுல இருக்கு. முடிச்சுப் போடுத கை தெரியுது, அவ மூஞ்சி தெரியல. என் மூஞ்சி தெரியுது. மேடைக்குக் கீழ, நாற்காலியத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு. அத ஆல்பத்துல வேற பெருசு பண்ணிப் போட்டிருக்கான் அந்த போட்டோக்காரன்.

தேவர்குளம் வந்துட்டு. இன்னும் கொஞ்ச தூரந்தான்.

நான் அன்னைக்குச் சாப்பிடல. சாப்பிடாமயே மண்டபத்து நடுவுல நின்னு சொன்னேன், நாத்தனா முடிச்சு விழல, இந்தக் கல்யாணம் இன்னும் முடியலன்னு. எந்தம்பி அழுதான். தாலிய அவுத்துக் கெட்டுனா ஆகாதுன்னு எனக்கும் தெரியும். நான் என்ன அவ்வளவு கூறுகெட்டவளா? அதனால ஒரு வழி சொன்னேன், நாலாவதா ஒரு முடிச்சு போட்டுக்கிடுதேன்னு. ஞாயந்தான? அந்தப் பொண்ணு இசக்கிப்பிரியா, நேத்து வந்தவ, எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லுதா, மதினி, முடிச்சு மூணுதான், உங்க மனசு ஆறணும்னா எங் கையில ஒரு மஞ்சக்கயித்தக் கெட்டிக்கிடுங்கன்னு. கையில கெட்டவா நான் விரல்ல மஞ்சள் கொழச்சேன்? அன்னைக்கு இறங்குனவதான், அந்த வீட்டுப் படிய மிதிக்கல. எந்தம்பி வாராவாரம் போன் போடுவான். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோக்கா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோக்கா. அவன் சொன்னா அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? பொண்டாட்டி பக்கத்துல நிக்கான்னு அர்த்தம்.

நான் போகலன்னதும் அந்த எடம் சும்மாவா கெடந்துச்சு? தங்கபுஷ்பம் வந்து உக்காந்துட்டா. முடிச்சுப் போட்டவளுக்குச் சேல எடுத்துக் குடுக்கணும்லான்னு அந்தப் பொண்ணு மொத தீவாளிக்கு அவளக் கூப்பிட்டிருக்கா. வந்தவ ஒட்டிக்கிட்டா. வளைகாப்புக்கு மொத வளையலு அவ போட்டா. வலி எடுத்தன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுல அவதான் கூட்டிட்டுப் போனாளாம். ஒரு ராத்திரி பூரா பெஞ்சுல உக்காந்து கெடந்தாளாம். அவளுக்குச் சொந்தத் தம்பி இல்லையான்னு, இத எங்கிட்டச் சொன்னவுகட்ட நான் கேட்டேன். அவன் கல்யாணம் முடிஞ்ச கையோட பொண்டாட்டியக் கூட்டிட்டு மஸ்கட் போயிட்டானாம். ஒரு போன் கெடையாதாம், ஒரு தகவல் கெடையாதாம். அவ போட்டா எடுக்கவும் மாட்டானாம். அதுக்கு நான் என்ன செய்ய? தம்பி இல்லன்னா என் தம்பிய எடுத்துக்கிடுவாளா? எந்தம்பி வாராவாரம் போடுத போன நான் எடுக்க மாட்டேன்னா, அது வேற விசயம். அது ரோசம்.

என்ன, அப்படிப் பாக்க? முறுக்கு வேணுமா? வேணும்னா எடுத்துக்கோ. அதிரசத்தத் தொடாத, அது விசேசத்துக்கு.

போன வாரம் அந்தப் பொண்ணே போன் போட்டா. மதினி, புள்ளைக்குப் பேரு வைக்கோம், நீங்க வரணும். தங்கபுஷ்பத்தக்காவும் நீங்களும் சேந்து தொட்டில்ல போடுங்கன்னா. சேந்தாம்! வாறேன்னு மட்டும் சொன்னேன். மனசுக்குள்ள வேற கணக்கு போட்டுட்டேன். தொட்டில யாரு கொண்டு வாறாளோ அவதான அத்தை? அதான் இந்தத் தொட்டிலு. அப்புறம், புள்ள காதுல பேர மூணு தடவ மொதல்ல யாரு சொல்லுதாளோ அவ சொன்ன பேருதான் நெலைக்கும். போன ஒடனே, கால் கழுவுன கையோட, எவளும் வாயத் தொறக்கும் முன்ன நான் சொல்லிருவேன். அவுக ஏதோ ரித்விகாவோ என்னமோ வச்சிருக்காவளாம். நான் ஆவுடைன்னு வைக்கப் போறேன். ஆவுடையம்மாள். அம்மன் பேரு. எம்பேரும் அதுதான், ஆனா நான் அம்மனத்தான் நெனச்சு வைக்கேன்.

இந்த ஒண்ணாவது என் கையில விழணும், தங்கச்சி. முடிச்சுத்தான் போச்சு. இதுவும் போச்சுன்னா நான் யாரு அந்த வீட்டுக்கு? சும்மா வந்து சாப்பிட்டுப் போற விருந்தாளி. அத மட்டும் என்னால தாங்க முடியாது.

வந்துட்டு. பனவடலி. கண்டக்டரே, இறக்கம் இருக்கு, தொட்டிலு இருக்கு, பொறுங்க. எந்தம்பி வந்து நிப்பான், ஜன்னலு வழியா வாங்கிக்கிடுவான். எங்க அவன்? ஏ ஆத்தி. அந்தா, மஞ்சச் சேல, கொடையோட நிக்கா பாரு. அவதான். அவளேதான். என்னக் கூப்பிட அவள அனுப்பியிருக்கான் எந்தம்பி. நான் இறங்க மாட்டேன். வண்டிய எடுக்கச் சொல்லு. நானும் சங்கரன்கோவில் வாறேன்.

என்னத்த வச்சிருக்கா கையில? அட கிறுக்கச்சி! இந்த வெயில்ல பச்சப் புள்ளையத் தூக்கிட்டு ரோட்டுக்கு வந்திருக்காளே! ஏ தங்கபுஷ்பம், உனக்கு மூள இருக்கா? இங்கிட்டு கொண்டா, நெழலுக்குக் கொண்டா. ஜன்னல்லயே குடு. தலையப் பாத்து, தலையப் பாத்து. ஆங், புடிச்சுட்டேன். விடு.

எம்மா. என்னப் பெத்த தாயே. தங்கச்சி, இந்த மூக்கப் பாரு. அவன் மூக்கு. அப்படியே தொட்டில்ல கெடந்தவன் மூக்கு.

என்ன சொல்லுத தங்கபுஷ்பம்? மெதுவாச் சொல்லேன், பஸ்சே கேக்கு. உள்ள கூட்டமா இருக்கா. ம். அங்க வந்தா ஆளாளுக்கு வாயத் தொறப்பாவளா. அதனால இங்கயே நான் மொதல்ல பேரச் சொல்லிரணுமா. அன்னைக்கு என் முடிச்ச நீ போட்டுட்டேன்னு உனக்கு ஒரு வருசமா உறுத்திக்கிட்டே இருக்கா. பாத்தியா தங்கச்சி, அவ அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. நான் சொல்லுதது அவ காதுல விழக் கூடாதாம்.

அழல. நான் ஏன் அழப் போறேன்? தூசி.

கண்டக்டரே, விசில ஊதுனியன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். புள்ள பயந்துரும்லா. இறங்குதேனா இல்லையான்னா, இறங்கத்தான் செய்வேன், இப்ப இல்ல. நீங்களும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. டிரைவருட்டயும் சொல்லுங்க. இது ஒரு நல்ல காரியம்.

ஏ தங்கபுஷ்பம், என்னட்டி முதுகக் காட்டிக்கிட்டு நிக்க? கொடைய மடக்கு. ஏறு உள்ள. ஏறுங்கேன்லா. வலது காதுல நான் சொல்லுதேன், எடது காதுல நீ சொல்லு. நீ என்ன பேரு வேணும்னாலும் சொல்லிக்கோ.

தங்கச்சி, நீ என்ன பாத்துக்கிட்டே இருக்க? அந்தத் தொட்டிலத் தூக்கி உன் மடியில வச்சுக்கிட்டு இன்னும் கொஞ்சம் ஓரத்துக்குப் போ. இன்னும் கொஞ்சம். விழ மாட்ட, கம்பியப் புடிச்சுக்கோ. அவ ஆளு பெருசு, அவளுக்கு எடம் வேணும்லா.